உப்புத் தண்ணீரில் நிற்கும் சாயம்

மீன்காரர் மிக்கேல், அண்டாவின் மேல் கிடந்த ஈரச்சாக்கை விலக்கியதும் சுந்தரம்மாள் முதலில் பார்த்தது மீனை அல்ல, நிறத்தை. கரி ஏறிக் கறுத்த அந்த அண்டாவுக்குள் எலுமிச்சை மஞ்சள் ஒன்று விசுக்கென்று திரும்பியது. அதன் அடியில், ஊறவைத்த புளியின் நிறத்தில் இன்னொன்று. ஓரமாக, வெள்ளி உடம்பில் வில்லாய் வளைந்த கறுப்புக் கோடுகளோடு விரல் நீள மீன்கள் சில. மண்டபம் கரையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லை விட்டு இத்தனை தூரம் வந்தவள் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

"மஞ்சளா இருக்குறது வண்ணாத்தி. அடியில கெடக்குறது ஒரா, முள்ளு குத்துனா ரெண்டு நாளைக்குக் கடுக்கும். இது கீச்சான். தண்ணியவிட்டுத் தூக்குனா கத்தும், பாருங்க." மிக்கேல் ஒன்றைக் கையில் எடுத்தார். எண்ணெய் காணாத தறிமரம் போல அது உண்மையாகவே கத்தியது.

"சாயம் நிக்குமா?" கேட்ட பிறகுதான் சுந்தரம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிக்கேல் சிரித்தார். "ஆண்டவன் போட்ட சாயம் தங்கச்சி. கடல்லயே கெடந்து போகல, ஒங்க வீட்டுல வந்தா போகப் போகுது?"

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் புருசனும் பெண்சாதியும் சேலைக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

வைகாசியில் அகரத்துச் செல்லக்கிளி தன் மகள் கல்யாணத்துக்கு அவர்கள் கடையில் அரக்குச் சுங்குடிச் சேலை எடுத்தாள். முகூர்த்த நேரத்தில் மழை. பந்தல் ஒழுகியது. மணையில் ஒட்டி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் வேட்டி ஒரு பக்கம் முழுக்கச் சிவந்துபோனது. சிலர் அபசகுனம் என்றார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்புதான் வேகமாக ஊர் சுற்றியது. 'நாச்சிமுத்து கடையில சீலை எடுத்தா வேட்டிக்குச் சாயம் சும்மா' என்று எதிர்க்கடை புகையிலை வியாபாரி சடையாண்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். செல்லக்கிளி அந்தச் சேலையைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டியின் மேல் எறிந்துவிட்டுப் போனாள். அதற்குச் சாயம் காய்ச்சியது சுந்தரம்மாள். சின்னாளப்பட்டியில் சாயத்தொட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நாச்சிமுத்து இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மெட்ராசில் ஒரு ஓட்டலில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்துதான் நாச்சிமுத்து இந்த யோசனையைப் பிடித்தான். சுங்குடியை முதல் தடவை உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லித்தான் எல்லாக் கடையிலும் விற்பார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற மீனை வாசலில் வைத்து, எங்கள் சாயமும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டால்? ஆவணி முகூர்த்தங்களுக்குள் சொல்லியாக வேண்டும். வைகாசிக்குப் பிறகு கல்யாணச் சேலைக்கென்று ஒருவரும் கடைப்படி ஏறவில்லை. ஆவணியும் இப்படியே போனால் கடை இருக்காது.

"வண்ணாத்தியே நாலு போடுங்க" என்றான் நாச்சிமுத்து. அவர்கள் வாங்கி வைத்திருந்த கண்ணாடித் தொட்டி சின்னது, அதற்கு மேல் போட்டால் மூச்சு முட்டிவிடும் என்று மிக்கேல் முன்பே சொல்லியிருந்தார்.

"ஏங்க, மஞ்சதான் மொதல்ல போற நெறம். கறுப்பு நிக்கும். இந்தக் கீச்சானையே எடுத்துருவோம்."

"வெள்ளையும் கறுப்புமாவா? முகூர்த்தச் சீலை விக்கிற கடையிலயா? நல்லாச் சொன்ன போ."

அவள் கீச்சானின் மேலேயே குனிந்து நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து செத்த நேரம் கழித்து, "சரி புள்ள, ஒண்ணு ஒனக்காக" என்றான்.

"கீச்சான் வாய் சும்மா இருக்காது மொதலாளி, கெடச்சதக் கடிக்கும்" என்றார் மிக்கேல், மூன்று வண்ணாத்தியையும் ஒரு கீச்சானையும் அவர்களுடைய பித்தளை அண்டாவுக்கு மாற்றிக்கொண்டே. அதற்குள் இரண்டு பால் கேன்களில் கடல் தண்ணீர் நிரம்பியிருந்தது.

ரயிலில் சுந்தரம்மாள் அண்டாவை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, செம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியபடி வந்தாள். அப்படிச் செய்தால் மீனுக்கு மூச்சு கிடைக்கும் என்று மிக்கேல் சொல்லியிருந்தார். "ஆத்துனது போதும்த்தா, எங்களுக்கும் ஒரு கிளாசு குடு" என்றார் எதிரில் இருந்த பெரியவர். பெட்டியே சிரித்தது. மானாமதுரையில் வெளிச்சம் நேராக விழுந்தபோது அவள் உள்ளே பார்த்தாள். பளபளக்கும் பித்தளைக்குள் மஞ்சள் வெளுத்து, பல தடவை அலசிய பழந்துணி போல ஆகியிருந்தது. கை நின்றுவிட்டது. நாச்சிமுத்து சன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் துணியை இழுத்து அண்டாவை மூடினாள். பிறகு மூச்சு முட்டுமே என்று மறுபடியும் திறந்தாள். மதுரை தாண்டும்வரை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தாள்.

மறுநாள் காலையில் ரதவீதிக் கடை வாசலில் தொட்டி ஏறியது. அடியில் வெள்ளை மணல். பின்னால், சேலை விரிக்கிற சலவை வெள்ளைத் துணி. வெள்ளையின் மேல் வைத்தால்தான் நிறம் எடுக்கும் என்பது நாச்சிமுத்துவின் அப்பா காலத்துப் பாடம். தொட்டிக்கு நேர் மேலே ட்யூப்லைட் வேறு. நெல் மண்டிக்கு வந்தவர்கள், பூக்கூடைக்காரிகள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. வண்ணாத்திகள் மூன்றும் மூலையில் ஒட்டி நின்றன. மஞ்சள் அறவே இல்லை. மோர் நிறம்.

"ஏலே அப்பு, இங்க வாங்கடா!" சடையாண்டி தன் கடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டான். "இவங்க கடைக்கு வந்ததும் மீனுக்கே சாயம் போயிருச்சுடா!"

கூட்டம் குலுங்கியது. நாச்சிமுத்து தொட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைக்கத் தொடங்கியதை சுந்தரம்மாள் பார்த்தாள். கூட்டத்தின் பின்வரிசையில், காய்கறிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லக்கிளி நின்றிருந்ததையும் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

கரி பிடித்த அண்டாவில் மஞ்சளாக இருந்தது. பித்தளையில் வெளுத்தது. வெள்ளைத் துணிக்கு முன்னால் இன்னும் வெளுத்துவிட்டது. அப்படியானால்? சரியாகத்தான் நினைக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வெள்ளைத் துணியை உருவி எறிந்தாள். அலமாரியின் அடித்தட்டில் கை விட்டாள். கைக்குக் கிடைத்த கருத்த துணி அந்த அரக்குச் சேலைதான். யாருக்கும் சொல்லாமல், சாயம் நிற்க வேண்டுமென்று படிகாரத்திலும் உப்பிலும் திரும்பத் திரும்பப் போட்டு எடுத்து அவளே வைத்திருந்தது. அதைத் தொட்டிக்குப் பின்னால் கயிற்றில் விரித்துத் தொங்கவிட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சடையாண்டி கனைத்தான். பிறகு ஒரு வண்ணாத்தியின் முதுகோரத்தில் மஞ்சள் கசிந்தது. விளக்கின் கோளாறோ என்று சுந்தரம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இல்லை. முதுகிலிருந்து விலாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பூக்கூடைக்காரி ஒருத்தி, "அடி ஆத்தீ!" என்றாள். கூட்டம் நெருங்கியது.

"அது எங்க புள்ள சீலையில்ல?"

செல்லக்கிளியின் குரல். எல்லாரும் திரும்பினார்கள். நாச்சிமுத்துவும் பதறித் திரும்பினான். அவன் முழங்கை கயிற்றில் பட, சேலை சரிந்து, முந்தானை கண்ணாடியைத் தாண்டித் தண்ணீருக்குள் விழுந்தது.

கீச்சான்தான் முதலில் வந்தது. முந்தானையின் நுனியைக் கவ்வி உலுக்கியது.

"எடு புள்ள, எடு" என்றான் நாச்சிமுத்து, வெறும் காற்றாக. சுந்தரம்மாளின் கை தொட்டியின் விளிம்பு வரை போய்விட்டது.

"எடுக்காத." செல்லக்கிளி கூடையைத் தரையில் இறக்கிவிட்டு முன்னால் வந்தாள். "கெடக்கட்டும். பாப்போம்."

சுந்தரம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் ஊறி அரக்கு இன்னும் கருத்தது. கீச்சான் பிடியை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அது உலுக்கிய இடத்திலிருந்து, நூலிழை போல ஏதோ ஒன்று பிரிந்து மேலே ஏறத் தொடங்கியது. சாயமாக இருக்கலாம், ஈரத்துணி விடுகிற காற்றுக்குமிழாகவும் இருக்கலாம். அவள் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தாள். வண்ணாத்தி மூன்றும் இப்போது முழு மஞ்சளில் மூலையை விட்டு வெளியே வந்து, அந்த இழையின் குறுக்கே மெதுவாக நீந்திப் போயின.