சாம்பார் அண்டாவும் மைனஸ் பட்டையும்

சுமதியின் சாம்பாரைக் குறை சொல்ல அருப்புக்கோட்டையில் ஆள் கிடையாது. குறையெல்லாம் அது போய்ச் சேரும் அளவில்தான். பந்தல்குடி தாண்டி இருக்கும் நூல் மில்லுக்கு அவள் மெஸ்ஸிலிருந்துதான் மதியச் சாப்பாடு போகிறது. கழுத்துவரை நிரம்பிக் கிளம்பும் அண்டா, மில் வாசலில் இறங்கும்போது பாதியாகிவிடும். மிச்சம் கார் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

காரணம் அவள் புருஷன் பால்ச்சாமி. பாதி ஆயுசு லாரி ஓட்டியவர். பழசாக வாங்கிய அந்த ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இல்லை என்பதை அவர் மூளை ஒப்புக்கொண்டது, இடது கால் ஒப்புக்கொள்ளவில்லை. வேகத்தடை வந்தால் போதும், அது கிளட்ச்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை ஏறி மிதிக்கும். கார் மூக்கைக் குத்தி நிற்கும். சாம்பார் எழுந்து மூடியைத் தள்ளும்.

மில் கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் நல்லகண்ணு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். திங்கட்கிழமையும் சாம்பார் பத்தாமல் போனால் வேறு மெஸ்ஸுக்கு மாறிவிடுவதாகச் சனிக்கிழமை சொல்லிவிட்டார். அந்த மில் கைவிட்டுப் போனால் மெஸ்ஸை இழுத்து மூட வேண்டியதுதான்.

லைசென்ஸ் அவளிடமும் இருந்தது. ஆனால் லாரிக்காரர் இருக்கும்போது பெண்டாட்டி ஓட்டுவதா என்று சாவி அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அசந்து தூங்கும்போது கேட்காமலே எடுத்துக்கொண்டாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், விரல் எட்டும் இடத்தில் நெம்புகோல் மாதிரி இரண்டு பட்டைகள். வலதில் பிளஸ், இடதில் மைனஸ். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கத்தான் மைனஸ் என்று நினைத்து பால்ச்சாமி ஒருநாள் அதை இழுத்திருந்தார். பாட்டு குறையவில்லை, இன்ஜின்தான் உறுமியது. கோளாறு என்று முடிவுகட்டி அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டார்.

சுமதி காரை விற்ற கார்த்தீஸ்வரனுக்கே போன் போட்டாள். அது கியரை இறக்குவதற்கு, இழுத்தால் வண்டி நிதானமாக வேகம் குறையும் என்றான் அவன். டேப்பைப் பிய்த்தாள். அண்டா நிறையத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, கண்மாய்க்கரை ரோட்டில் வெயில் தாழும்வரை பழகினாள். முதலில் சீட்டெல்லாம் குளித்தது, போகப்போகக் காய்ந்தது.

திங்கட்கிழமை அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பால்ச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் அண்டாவை அணைத்தபடி உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். பந்தல்குடிக்கு முன்னால் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டில் ஏறியது.

"பிரேக்கப் பிடி," என்றார் பால்ச்சாமி.

சுமதி இடது பட்டையை ஒரு தரம் இழுத்தாள், இன்னொரு தரம் இழுத்தாள். இன்ஜின் உறுமியது. பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி கார் அடங்கி வந்தது. இப்படி வேகம் குறைந்தால் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது என்று கார்த்தீஸ்வரன் எச்சரித்திருந்தான். பின்னால் ஒரு லோடு லாரி வேறு வந்துகொண்டிருந்தது. அதற்காகப் பிரேக்கையும் லேசாக ஒரு தொடு தொட்டாள். ஆடுகள் ஆற அமரக் கடந்து போயின. பால்ச்சாமி மூடியைத் தூக்கிப் பார்த்தார். சாம்பார் விளிம்புவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மூடியைப் போட்டுவிட்டு, அண்டாவை அணைத்திருந்த கையைத் தளர்த்திக்கொண்டார்.

மில்லில் மூடியைத் திறந்த நல்லகண்ணுவின் முகம் மலர்ந்துவிட்டது. நேரே பால்ச்சாமியின் தோளில் தட்டினார்.

"பரவால்லண்ணே, இன்னைக்கு நிதானமா ஓட்டியாந்திருக்கீக. இப்படிக் கொண்டாந்தா நாங்க எதுக்கு வேற ஆளத் தேடப்போறோம்?"

கரண்டியோடு நின்ற சுமதி, மில் கைவிட்டுப் போகவில்லையே, அது போதும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மனது கேட்கவில்லை. பால்ச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பாராட்டு அவருக்கு ருசியாகத்தான் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"நான் ஓட்டலப்பா," என்றார் கடைசியில். "எம் பொண்டாட்டிதான் ஓட்டியாந்தா. இனிமேயும் அவதான் ஓட்டுவா. நான் அண்டாவப் பிடிச்சுக்கிட்டு வாரேன்."

எத்தனை பந்தி வந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாத சுமதி, முதல் தட்டுக்கு ஊற்றும்போதே ஒரு கரண்டி சாம்பாரைத் தரையில் சிந்திவிட்டாள்.