பிந்தி வந்த பால்

உலான்பாத்தரில் யான்ஜ்மா காலையில் வானத்துக்குத் தெளித்த, உப்புப் போட்ட பால்தேநீர், மூன்றரை மணி நேரம் கழித்து, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, சியோலில் வேலை பார்த்த அவள் கணவன் தாம்தினின் தலையில் விழுந்தது. விமானத்துக்கும் அதே மூன்றரை மணிதான். முதல் கரண்டி வானத்துக்கு என்பது அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். யான்ஜ்மா மட்டும் அவனை ஏற்றிக்கொண்டு விமானம் போன திசையைப் பார்த்துத் தெளித்தாள். தாம்தின் அலமாரிகளுக்கு வார்னிஷ் அடிக்கும் பட்டறையில் கூரைக்குக் கீழேதான் நின்றான். ஆனாலும் தினம் பதினொன்றரைக்கு ஐந்தாறு சொட்டு உச்சந்தலையில் விழுந்து, உப்புக் கரிக்க உதட்டுக்கு வழியும். மேஸ்திரி மான்சிக் முதலில் கூரை ஒழுகுகிறதென்று ஏணி போட்டுப் பார்த்தார். பிறகு, "ஏம்ப்பா, உன் பெண்டாட்டி பால் வர்ற நேரம், அலமாரிய விட்டுத் தள்ளி நில்லு" என்று சொல்லப் பழகிவிட்டார்.

மூன்று வருட விசா முடிந்தது. மகள் அரியுனாவின் படிப்புக்காக இன்னும் ஒரு வருடம் ஒளிந்திருந்து வேலை பார்க்கலாம் என்று நினைத்தான். ஒருமுறை ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். "அடுத்த வருஷம் வந்துடறேன்" என்று போனில் சொன்ன மறுநாள், சொட்டுகள் பன்னிரண்டரைக்கு விழுந்தன. அப்புறம் எத்தனை முறை அதைச் சொன்னானோ அத்தனை முறை தூரம் நீண்டது. விமான நிலையப் பலகை மட்டும் மூன்றரை மணி என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"ஆட்டுக்கறிய அடுப்புல ஏத்தி இறக்குறதுக்குள்ள வந்துடலாம்யா. அவ்வளவுதான தூரம்?" என்றாள் யான்ஜ்மா போனில், ஏழாவது வருடம்.

"வர்ற புத்தாண்டுக்கு, வெள்ளை மாசப் பண்டிகைக்குக் கண்டிப்பா."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. வெச்ச கறி ஐஸா உறைஞ்சு போச்சு. இன்னைக்குப் பால்கூட இல்ல, வெறும் கறுப்புத் தேநீரத்தான் தெளிச்சேன்."

அந்தக் கறுப்புச் சொட்டு அவன் தலையில் விழப் பதினாலு மாதம் ஆனது. விழுந்த வாரமே, அங்கே யான்ஜ்மா நெஞ்சுவலியில் செத்துப்போனாள்.

அரியுனா போனில் அழுது முடித்ததும் தாம்தின் பையை எடுத்துத் துணிகளைத் திணித்தான். பாதி கட்டியிருக்கும்போது, அவன் உச்சியில் பால் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

"அட பாவி, நீ இன்னும் கிளம்பலையா?" என்று மான்சிக் கத்தினார்.

"அவ தெளிச்சது இன்னும் வந்துக்கிட்டிருக்கு அண்ணே. நான் போயிட்டா யாரு வாங்கிக்கிறது?"

மான்சிக் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அதன்பின் பதினாலு மாதமும் சில நாட்களும் தாம்தின் தொப்பி போடவில்லை, கொட்டும் பனியிலும். ஒரு செவ்வாய்க்கிழமை எதுவும் விழவில்லை. மூன்று நாள் அண்ணாந்தே நின்றான். நாலாம் நாள் விமானச் சீட்டு வாங்கினான்.

பயணம் சரியாக மூன்றரை மணி நேரம்தான் பிடித்தது. இறங்கும்வரை தாம்தின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் அரியுனா தேநீர் கொதிக்கவைத்து இறக்கினாள். அவன் முதல் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், எந்தத் திசையென்று தெரியாமல், நேர் மேலே வீசினான். ஒரு சொட்டுகூடத் தரைக்குத் திரும்பி வரவில்லை.

"அம்மாவுக்காப்பா?"

"ம்ம். லேட்டாத்தான் போய்ச் சேரும்" என்றான்.