பதினேழு வளைவும் ஒரு வரிசையும்

கம்ப்யூட்டருக்குள் பவதாரணி பின்னிய துணி சொன்ன பேச்சைக் கேட்டது. இழுத்தால் சீராக நீண்டது. அதே நூலில், அதே கண்ணிக் கணக்கில், அண்ணன் மனைவி சந்திரவல்லி கொக்கி ஊசியால் பின்னித் தந்த நாலு விரல் அகலக் குரோஷா நாடாவோ அங்கங்கே முரண்டு பிடித்தது. திங்கட்கிழமைக்குள் இரண்டும் ஒன்றுபோல நீளாவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் ஆராய்ச்சி வழிகாட்டி. ஒரு வருட உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான்.

மூன்று வாரமாகத் தன் புரோகிராமைத் திட்டினாள். பிறகு நூலைச் சந்தேகப்பட்டாள். கடைசியில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், மதினியையே சந்தேகப்பட்டுக் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் பதினெட்டு இடங்களில் வரிசைகள் இறுகிக் கிடந்தன. ஏன் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"இத எங்க உக்காந்து பின்னுனீங்க மதினி?"

"உக்கார எங்க நேரம்? ஏலக்காட்டுக்குப் போற ஜீப்புலதான். ஏறுனதும் ஆரம்பிச்சா எறங்குறதுக்குள்ள ஒரு நாடா முடிஞ்சிரும்."

மறுநாள் காலை பவதாரணியும் ஜீப்பில் தொற்றிக்கொண்டாள். பத்துப் பேர் வண்டியில் பதினாறு பேர். மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். மற்றவர்கள் கம்பியைப் பிடிக்க, மதினியின் இடக்கை நூலைச் சுண்டிப் பிடித்தது. ஊசி நிற்கவே இல்லை.

"ரெண்டு கையிலயும் சோலி இருக்கு. கம்பிக்கு எங்க போக? நூலத்தான் புடிச்சுக்கிறது," என்று சிரித்தாள்.

பவதாரணிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது, அதற்குத்தான் இடமில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். மலை உச்சியில் போடிமெட்டு வரை பதினேழு.

அன்று மாலை பதினேழு இடங்களில் நூலை இறுக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். திரையில் இருந்த துணியும் அச்சு அசலாக முரண்டு பிடித்தது, ஓரிடம் தவிர. பத்தாவது வளைவுக்கும் பதினோராவதுக்கும் நடுவே, நேர்ச்சாலையில், ஒரு வரிசை மற்றவற்றைவிட மூன்று மடங்கு இறுகியிருந்தது. நாடாவோடு அடுப்படிக்குப் போனாள்.

"மதினி, இங்க வளைவே இல்லையே. என்ன நடந்துச்சு?"

சந்திரவல்லி அந்த வரிசையைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அன்னைக்கு எதுத்தாப்ல ஒரு லாரி பிரேக்கு புடிக்காம எறங்கி வந்துச்சுத்தா. ஒதுங்குனதுல நம்ம ஜீப்புச் சக்கரம் ஒண்ணு ரோட்ட விட்டு வெளிய போயிருச்சு. பிள்ளைகள நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க அண்ணன்ட்ட சொல்லிறாத. சோலிக்குப் போகவேணாம்னுருவாரு."

பவதாரணிக்கு ஆராய்ச்சி தப்பித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அந்த வரிசைக்கு அடுத்த வரிசையைப் பார்த்தாள். கண்ணிகள் பழையபடி சீராக இருந்தன.

"அதுக்கப்புறமும் பின்னியிருக்கீங்களே மதினி?"

"நீதான வெரசா வேணும்னு கேட்ட," என்றாள் சந்திரவல்லி.