விளிம்பு தெரியாமல்

ஒரு நாளைக்குப் பதினோரு முகம். காலை ஆறரைக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை நான்கு வரை நிற்க வேண்டும். இந்த அறையில் எனக்கென்று நாற்காலி கிடையாது. இருக்கிற இரண்டும் முகங்களுக்கு. பன்னிரண்டு வருஷமாக அவர்கள் உட்காருகிறார்கள், நான் நிற்கிறேன். குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். வளரட்டும், என்னிடம் வளர்வது அது ஒன்றுதான்.

செய்திச் சேனலின் மேக்கப் அறை இது. ஜன்னல் இல்லை. கண்ணாடியைச் சுற்றிப் பதினான்கு பல்புகள், அதில் இரண்டு எரியாது. இங்கே செய்தி வாசிக்கிற பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர்கள் வாசிக்கிற நேரம்தான் பெயர். "ஏழு மணிக்கு ஜலதோஷமாம்" என்பார்கள். "மூணு மணிக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். செய்திப் பிரிவின் தலைவருக்கு மட்டும் நாங்களாக ஒரு பெயர் வைத்திருந்தோம்: நெற்றிக்கண். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார். அது கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. வெறுங்கண்ணாலேயே எல்லாம் தெரியும் என்று அவருக்கு நினைப்பு.

ஒரு மணி, அதாவது மதியச் செய்திக்காரி, என்னிடம் வந்து சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. நல்ல எலும்பு அவளுக்கு. கன்னத்தில் கான்டூர் போட ஐந்து நிமிஷம் போதும். கான்டூர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஸ்டுடியோ வெளிச்சத்தில் எந்த முகமும் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரியும். அதனால் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் நாமே நிழல் போடுகிறோம். தோல் நிறத்தை விட இரண்டு படி கருமையான கிரீம் வேண்டும். சிவப்புக் கலந்தது ஆகாது, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்க வேண்டும். நிழல் சிவப்பாக இருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? காதோரம் ஆரம்பித்து, கன்ன எலும்புக்குக் கீழே இழுத்து, கண்ணின் நடுவுக்கு நேராக நிறுத்திவிட வேண்டும். பிறகு ஈர ஸ்பாஞ்சால் மேல் நோக்கித் தட்டித் தட்டிக் கரைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விளிம்பு எங்கே என்று எனக்கே தெரியாமல் போகிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். "மேக்கப் பிரமாதம்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு என் வேலை சொதப்பல். "என்னம்மா, இன்னைக்கு ஃப்ரெஷ்ஷா இருக்க" என்று அவளிடம் சொன்னால் சரியாகச் செய்திருக்கிறேன். ஆக, நல்லபடியாகச் செய்தால் எனக்குப் பாராட்டு கிடையாது. சில நாள் நினைத்தால் எரிச்சலாக வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டாள்.

"அக்கா, கிட்னில பிரச்சினை. ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க. அது முகத்தை ஊத வைக்குமாம். இப்பவே ஆரம்பிச்சிடுச்சு, பாருங்க."

பார்த்தேன். தாடைக் கோடு கரைந்து கழுத்தோடு சேர்ந்திருந்தது. கன்னம் உருண்டு, தோல் பளபளவென்று இழுபட்டுச் சிவந்திருந்தது.

"மறைச்சிடுங்கக்கா. பழைய ஒன்பது மணிக்கு என்னாச்சுன்னு தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. பிரசவம் முடிந்து வந்தவளை நெற்றிக்கண் ஒரு முறை பார்த்தார். "முகம் ஸ்க்ரீனுக்கு அடங்கலையேம்மா" என்றார். இப்போது அவள் மூன்றாவது மாடியில், யார் கண்ணிலும் படாமல் தலைப்புச் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் மறைத்தேன். ஐந்து நிமிஷ வேலை ஐம்பது நிமிஷம் ஆனது. சிவப்பை முதலில் அடக்கி, நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரை வெளிப்பக்கம் முழுக்க நிழலை இறக்கி, காணாமல் போன எலும்பை ஞாபகத்திலிருந்து எடுத்து வைத்தேன். வாரத்துக்கு வாரம் முகம் ஊதியது. வாரத்துக்கு வாரம் என் நிழல் உள்ளே நகர்ந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வியாழக்கிழமை அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தார்கள்.

திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாள் படுக்கை, பிறகு ஒரு மாதம் ஓய்வு. இனியும் தள்ளிப் போட்டால் கிட்னியை மறந்துவிட வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு காலையில் நெற்றிக்கண்ணிடம் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நேத்து நான் வாசிச்சதைப் போட்டுக் காமிக்கிறாருக்கா. 'இதுல யாருக்கும்மா உடம்பு சரியில்லை'ன்னு கேக்கறாரு. இந்த மாதிரி சீட்டு ஆயிரம் பாத்திருக்காராம். வேற சேனலுக்கு டெஸ்ட் குடுக்கப் போறேன்னு நினைக்கிறாரு. திங்கட்கிழமை வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாமாம்."

என் கையில் ஸ்பாஞ்ச் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். இரண்டு மாதம் நான் தட்டித் தட்டிக் கரைத்ததுதான் அவருடைய சாட்சி. அவளுடைய வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளுடைய நோயையே துடைத்து வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் போன் செய்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னாள். ஸ்பீக்கர் இல்லாமலே அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல. நானும்தான் தினம் டிவில பாக்கறேன், நல்லாத்தான இருக்க. அம்மாகூட நேத்து சொன்னாங்க, கன்னம் வச்சு இப்பதான் பாக்க லட்சணமா இருக்கான்னு. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. சரி, வரும்போது அம்மாவுக்குத் தைலம் வாங்கிட்டு வந்துடு."

அவள் "சரிங்க" என்று போனை வைத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்கு அன்றைய முகத்தைப் போட்டேன்.

செய்தி முடிந்து அவள் வந்ததும், "எல்லாத்தையும் துடை, அப்படியே நெற்றிக்கண் முன்னாடி போய் நில்லு, கண்ணால பாத்தாவது புத்தி வரட்டும்" என்றேன். எண்ணெய் விட்டுத் துடைத்து எடுத்தோம். வெறும் முகம், ஊதிப்போன நிஜ முகம். எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நானும் கூடப் போனேன்.

நெற்றிக்கண் தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மேக்கப் இல்லாமலே ஜம்முனு இருக்கியேம்மா! ஒரு சுத்து பூசி, கன்னமெல்லாம் செவசெவன்னு… இதுக்கா ஓய்வு? என் பொண்ணு உன்னைப் பாத்து கத்துக்கணும், டயட்டு டயட்டுன்னு ஓணானா போயிட்டா."

திரும்பி வந்தோம். லிஃப்டில் கண்ணாடி இருந்தது. அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அறைக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "விடுங்கக்கா. திங்கட்கிழமை வந்து வாசிக்கிறேன். எத்தனை பேர்கிட்டதான் நிரூபிக்கிறது? எனக்கு முடியல. நிஜமா முடியல."

அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் அதைச் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கே வா. முகத்துல ஒண்ணும் போடாம வா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளை உட்கார வைத்துக் கதவைத் தாழ்போட்டேன்.

"என்னக்கா பண்ணப் போறீங்க?"

"உன் முகத்துக்கு நோயாளி மாதிரி இருக்கத் தெரியல. அதுக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்."

"அது பொய்யில்லையா?"

"நோய் நிஜம்தானே? ரெண்டு மாசமா நோய் இல்லைன்னு பொய் சொன்னோமே, அப்ப எங்க போச்சு இந்த மனசாட்சி? ஆடாம உக்காரு."

முதலில் அந்தச் சிவப்பை எடுத்தேன். மஞ்சள் கலந்த ஃபவுண்டேஷன், அவள் நிறத்துக்கு ஒரு படி வெளிறியது, மெலிதாக. உதட்டிலும் அதையே ஒற்றி நிறத்தை இறக்கினேன். பிறகு அதே சாம்பல் பழுப்பு கிரீம். நெற்றிப் பொட்டில் இரண்டு பக்கமும் ஒரு குழி. கன்ன எலும்புக்குக் கீழே, வழக்கமாக நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, வாய் ஓரம் வரை. கண்ணின் மூக்கோர மூலையில் துளி. கண்ணுக்குக் கீழே விரல் நுனியால், மோதிர விரலால்தான், அதற்குத்தான் அழுத்தத் தெரியாது. டிவிக்குப் போட்டால் பத்தடி தள்ளி காமிரா இருக்கும், தப்பு நடந்தாலும் வெளிச்சம் காப்பாற்றும். இதை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மனுஷன் பார்க்கப் போகிறார். கரைத்தேன். கரைத்ததையே மறுபடி கரைத்தேன். முக்கால் மணி நேரம். குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. பவுடரைக்கூட மினுக்கம் போகிற அளவுக்கு மட்டும்தான் போட்டேன்.

அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இப்பதான்க்கா எனக்கு எப்படி இருக்கோ அப்படி இருக்கேன்" என்றாள்.

நெற்றிக்கண்ணின் அறைக்குள் நுழைந்ததும் அவர் பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டார். பிறகு, என் பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக, கை நெற்றிக்குப் போனது. மூக்குக்கண்ணாடி கீழே இறங்கியது. கண்ணில் உட்கார்ந்தது. ஒரு விளிம்பு, ஒரே ஒரு விளிம்பு தெரிந்தால் போதும், அவளும் அவுட், நானும் அவுட். அவர் முன்னால் சாய்ந்து நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தார்.

"ஐயையோ, என்னம்மா இது? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

நேற்று ஒரு சுற்று பூசியிருந்த முகம் ஒரே நாளில் எப்படி வற்றியது என்று அவர் கேட்கவில்லை. சர்டிபிகேட்டை வாங்கிப் படிக்கவும் இல்லை. பேனாவைத் தேடி லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "வேலை எங்கயும் ஓடாது, உடம்பைப் பாரு. உன் இடம் உனக்குத்தான்" என்றார். அதையும் கீழே எழுதிக் கொடுக்கச் சொன்னேன், எழுதினார். என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லியிருக்கலாமேம்மா, தினம் கிட்ட இருந்து பாக்கறவங்க நீங்கதானே" என்றார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

அறைக்கு வந்ததும் குதிகால் நிற்க விடவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அதற்குத் தெம்பில்லை. எண்ணெய் பாட்டிலைத் திறந்து பஞ்சை நனைத்தேன்.

"வா, துடைச்சு விடறேன். வீட்டுக்குப் போய்ப் படு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. இருக்கட்டும்."

"எதுக்கு?"

"வீட்டுலயும் காமிக்கணும்."

நான் அவளைப் பார்த்தேன். நான் போட்ட குழிகளுக்கு நடுவில் அவளுடைய சொந்தக் கண் இருந்தது. அதில் நான் கைவைக்க எதுவுமில்லை.

"அவரும் அத்தையும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரணும்ல? இப்படி இருந்தா வருவாங்க. இன்னைக்கு ராத்திரி சமைக்கச் சொல்ல மாட்டாங்க." நெற்றிக்கண் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "நாளைக்கும் நாளன்னைக்கும் நானே போட்டுக்கற மாதிரி சொல்லிக் குடுங்கக்கா. ரெண்டு நாள்தானே."

எழுந்தேன். ஒரு சின்ன டப்பாவில் அந்தச் சாம்பல் பழுப்பை வழித்துப் போட்டேன். காதோரம் ஆரம்பிக்கணும், தேய்க்காதே, தட்டு, கண்ணுக்குக் கீழே மோதிர விரல் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்து விரலை வெறுமனே ஆட்டிப் பழகிக்கொண்டாள். கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ" என்றேன். "நீயா போட்டா விளிம்பு தெரியத்தான் செய்யும். வெயில்ல நிக்காத. யாரையும் பக்கத்துல வந்து பாக்க விடாத."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு சிரித்தாள், வெளிறின உதட்டோடு.

"பக்கத்துல யாருக்கா வரப் போறாங்க?"