முடியோடு பிறந்தது

சிக்லாயோ நாய்க் கண்காட்சியில் கோப்பையை வாங்கிய கையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, விரிங்கோ நாய் வளர்த்து விற்கும் டான் எவரிஸ்தோ பீற்றிக்கொண்டதை டெல்ஃபினா தன் காதாலேயே கேட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் தன் வீட்டில் முடியோடு ஒரு குட்டிகூடப் பிறந்ததில்லையாம். கூட்டம் கைதட்டியது. அவளும் தட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விரிங்கோ என்பது உடம்பில் முடியே இல்லாத நாய். ஆனால் மொட்டைக்கும் மொட்டைக்கும் பிறந்தாலும் மூன்றில் ஒன்று முடியோடுதான் வரும். மொன்செஃபூ ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தக் குட்டிக்குப் பல்வரிசைகூட மற்றதைவிட நன்றாகவே இருக்கும். கண்காட்சி வளையத்துக்குள் மட்டும் அந்தக் காலத்தில் விடமாட்டார்கள். சுகாதார நிலையத்தில் இருபது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள் டெல்ஃபினா. அவளுக்குத் தெரியாததா இது? கோப்பையின் பளபளப்பு அவள் கண்ணையும் மறைத்துவிட்டது, வேறென்ன.

அவருடைய பட்டத்து நாய் ரெய்னாவுக்குத் தன் ஆண் நாயைச் சேர்க்க அவள் ஒப்புக்கொண்டாள். அதற்குக் கைமாறாக, பிறக்கும் குட்டிகளில் முதலாவதைப் பொறுக்கும் உரிமை ஆண் நாயின் சொந்தக்காரிக்கு. ஊர் வழக்கம் அது. நாய் வளர்ப்போர் சங்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ஒரு கறுப்புப் பெட்டைக்குட்டியோடு தானும் அந்த வளையத்துக்குள் நடக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ரெய்னா ஐந்து குட்டி போட்டிருப்பதாகச் சேதி வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். டான் எவரிஸ்தோ சுரைக்குடுவையில் சிச்சா என்ற சோளக் கள்ளை ஊற்றிக் கொடுத்து வரவேற்றார். ஐந்தும் வழுவழுவென்று இருந்தன. ஆனால் ரெய்னா அவற்றோடு படுக்க மறுத்தாள். கொல்லைப்பக்கம் பார்த்து முனகினாள், எழுந்து எழுந்து போனாள். பழக்கமில்லாத ஆளைக் கண்டு மிரள்கிறாள் என்று சொல்லி அவர் அவளைக் கட்டிப்போட்டார். எத்தனையோ தாய்களைப் பார்த்தவள் டெல்ஃபினா. பிள்ளை எல்லாம் பக்கத்தில் இருந்தால் ஒரு தாய் ஏன் கொல்லையைப் பார்க்கப் போகிறாள்?

அவர் தடுக்கத் தடுக்கக் கொல்லைக்குப் போனாள். துணி துவைக்கும் தொட்டிக்கு அடியில் ஒரு தகர வாளி, மேலே ஈரச் சாக்கு. உள்ளே மூன்று குட்டிகள், மூன்றும் முடியோடு. இரண்டு விறைத்துப்போயிருந்தன. பழுப்பு நிறத்தில் ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை எடுத்து தோள் சால்வையில் சுற்றித் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இது என்ன, டான் எவரிஸ்தோ?"

மனுஷன் கொஞ்சம் கூசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். கூசவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றார். வாங்க வருகிறவர்கள் சுத்தமான வம்சம் கேட்கிறார்கள், முடியுள்ள குட்டி பிறந்தது தெரிந்தால் யார் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பார்கள் என்றார்.

"நீயும் ஏம்மா பச்சப்புள்ள மாதிரி பேசுற? அந்தக் கறுப்புப் பொட்டையப் பாரு. உனக்குன்னே பொறந்திருக்கு."

பார்த்தாள். உண்மைதான், அவள் மனதில் இருந்தது அப்படியே பிறந்து கிடந்தது.

"மொதல்ல பொறுக்குறது நான்தானே?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப இந்தப் பழுப்பை எடுத்துக்கிறேன்."

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும்தான் அவருக்கு உறைத்தது. காகிதத்தில் 'பிறந்த குட்டிகள்' என்றுதான் எழுதியிருக்கிறது, மொட்டைக் குட்டிகள் என்றில்லை. இரண்டு மாதம் இது ரெய்னாவிடம் இந்த வீட்டிலேயே பால் குடிக்க வேண்டும். அவர் வீட்டுப் பெயரோடு, முடியுள்ளது என்று, சங்கத்தில் பதிய வேண்டும். சட்டென்று குரலைத் தாழ்த்தினார். கறுப்பையும் கொண்டுபோ, இதையும் கொண்டுபோ, பதிவு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார்.

ஒரு நிமிஷம் டெல்ஃபினாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

"பதியாமக் கொண்டுபோனா, அடுத்த ஈத்துக்கும் அந்த வாளி அங்கயேதான இருக்கும்" என்றாள். ரெய்னாவை அவிழ்த்துவிட்டுக் குட்டியைத் தாயின் மடியருகே வைத்தாள். ரெய்னா அதை நக்கிக்கொடுத்துவிட்டு, அப்போதுதான் காலை நீட்டிப் படுத்தாள்.

"இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" டான் எவரிஸ்தோவுக்கு முகம் சிவந்திருந்தது. "வளையத்துக்குள்ள விடவே மாட்டாங்க. ஊரே சிரிக்கும்."

"வளையத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறா? தெருமுக்குல என் வீட்டு வாசல்ல இருக்கும். உங்ககிட்ட குட்டி வாங்க வர்றவங்க அதத் தாண்டித்தான் வரணும். கேக்குறவங்களுக்குப் பதிவைக் காட்டுவேன், வாளியைப் பத்தியும் சொல்வேன். கூட முடியோட பொறந்த ரெண்டும் எங்கன்னு அவங்க வந்து உங்களைக் கேக்கட்டும்."