தேசப்பனின் சங்கு

ஸ்குரூ டிரைவர் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. தேசப்பன் ரத்தத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் பார்த்தான்.

சுவிட்ச் இறங்க மறுத்தது. மேலே, புயல் பாதுகாப்புக் கூடத்தின் மொட்டை மாடியில், சங்கு அலறிக்கொண்டிருந்தது.

"நில்லுடா! நின்னு தொலைடா!"

பெற்ற பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டினான். பிள்ளை மாதிரிதான். பழைய பம்ப்செட் மோட்டார், துளை போட்ட தகர டிரம், அவனுடைய மைக்செட் கடையில் சும்மா கிடந்த பெரிய புனல். சுனாமி ஊரை வழித்துக்கொண்டு போன பிறகு, 'இன்னொரு தரம் சொல்லாமல் வரக்கூடாது' என்று அவன் ராப்பகலாக உட்கார்ந்து செய்த சைரன். மில் சங்கு போலவே ஊதியதால் ஊர் அதற்குச் சங்கு என்றே பேர் வைத்துவிட்டது.

ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினான். வரவில்லை. மரக்காணத்துக் காற்று புது சைக்கிள் செயினையே ஒரு வருஷத்தில் தின்றுவிடும். கட்டை பச்சை பூத்து, உப்பேறி, இறுகிக் கிடந்தது.

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கிழக்கே குப்பம் மொத்தமும் கிளம்பியிருந்தது. இடுப்பில் குழந்தை, கையில் ரேஷன் கார்டு, ஒரு கிழவனின் தோளில் ஆட்டுக்குட்டி. உப்பளங்களின் நடுவே ஓடுகிற ஒற்றை மண் கரையில், மேற்கே, ரோட்டைப் பார்த்து ஓடி வந்தார்கள்.

அதே கரையில் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு கூட்டம். டீக்கடையில் ஒதுங்கியிருந்த உப்பளத்து ஜனம். கீற்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கிழக்கே, கடலைப் பார்த்து ஓடினார்கள்.

தேசப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ஒரே சங்குக்கு அவன் இரண்டு பாஷை கற்றுக்கொடுத்திருந்தான். நீளமாக ஊதினால் கடல். குப்பம் ஓட வேண்டும். விட்டு விட்டு ஊதினால் மழை; வாரிக் குவித்த உப்பு கரைவதற்குள் உப்பளத்து ஆட்கள் கீற்றுப் போட்டு மூட வேண்டும். உப்பள முதலாளிகள் கேட்டார்கள், செய்து கொடுத்தான். அபாரமான யோசனை என்று அவனே அவனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டான். மெஷினுக்கு யோசித்தவன் மனுஷனுக்கு யோசிக்கவில்லை. சங்கு ஊதினால் அவரவர் பயம்தான் அவரவர் காதில் விழும். குப்பத்துக்காரனுக்கு அலை. உப்பளத்துக்காரிக்கு மழை. நீளமா, விட்டு விட்டா என்று நின்று கேட்க யாருக்குப் பொறுமை?

நடுக்கரையில் இரண்டு கூட்டமும் மோதின.

கட்டிங் பிளேயரை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒயரை வெட்டினான். பட்டென்று நீலப் பொறி. சங்கு தேய்ந்து, முனகி, அடங்கியது.

அந்த நிசப்தத்தில் ஒரு பெண்ணின் அலறல் மட்டும் மிச்சம் இருந்தது.

லூர்துமேரி. தட்சணாமூர்த்தியின் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கரையிலிருந்து பாத்திக்குள் விழுந்திருந்தாள். வலது கால் இருக்கக்கூடாத திசையில் இருந்தது. தேசப்பன் ஓடிப்போய் அவளைத் தூக்கக் கையை விட்டான். கிழிந்த உள்ளங்கையில் உப்புத் தண்ணீர் ஏறியது. எரிச்சலில் அவனுக்கு உயிர் போனது. 

"யாருக்குண்ணா சங்கு ஊதுனாங்க?" லூர்துமேரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எனக்கா?"

 பக்கத்தில் வந்து நின்ற தட்சணாமூர்த்தி தேசப்பனின் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கப்பா! ரத்தம் சொட்டச் சொட்ட ஒயரை வெட்டியிருக்கான். இவன் மட்டும் ஓடியாரலன்னா இன்னும் எத்தினி பேர் விழுந்திருப்பீங்களோ?"

"சுவிட்சு ஒட்டிக்கிச்சு" என்றான் தேசப்பன். அந்த மட்டில் அது உண்மைதான்.

"சேட்டு எங்கடா? ரூமைத் திறந்து போட்டுட்டு எங்க பூட்டான் அவன்?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

ஊர் அங்கே பிடித்துக்கொண்டது. சேட்டுதான் கூடத்து வாட்ச்மேன். பூட்டாமல் டீ குடிக்கப் போயிருக்கிறான். எவனோ பூந்து சுவிட்சைப் போட்டிருக்கிறான். முடிந்தது வழக்கு.

மூன்றாம் நாள் காலையில் அதே கூடத்தில் ஊர்க்கூட்டம். சேட்டு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றான். சுனாமி அலைக்கு முன்னால் நல்ல மீனவன். அலை அவன் தம்பியைக் கொண்டுபோன பிறகு கடலில் கால் வைக்கிறதில்லை. கடலுக்குப் போகாத குப்பத்துக்காரனுக்கு இந்தச் சாவிதான் சோறு. இன்றைக்கு அதைத் திருப்பி வாங்கப் போகிறார்கள்.

"ஒரு டீ குடிக்கத்தாங்க போனேன்" என்றான் சேட்டு.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும், சேட்டு" என்றான், யாரையாவது கேலி பேசியே ஊரைச் சிரிக்க வைக்கிற அப்பாதுரை. கூட்டம் சிரித்தது. உப்பு ஊரில் இந்தப் பழமொழிக்கு எப்போதும் சிரிப்பு உண்டு.

தேசப்பன் சிரிக்கவில்லை. அப்பாதுரையின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தான். படம் எடுக்கிற செல். பாண்டியில் வாங்கியது. சங்கு ஊதிய அன்றைக்குக் காலையில்தான் டீக்கடையில் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினான் அப்பாதுரை.

"இன்னா தேசப்பா, உன் சங்கு யாருக்கு ஊதப் போவுது? காக்கா குந்திக்கினு இருக்குது அதும் மேல. இனிமே அலை வந்தாலும் மழை வந்தாலும் தோ, இதுல மெசேஜ் வந்துடும்."

அதோடு விட்டானா? சங்கை டெஸ்ட் செய்யுமுன் தேசப்பன் மைக்கில் அறிவிக்கிற குரலில் அப்படியே பேசிக் காட்டினான். "அன்பார்ந்த பொதுமக்களே! இது வெறும் டெஸ்டு. யாரும் ஓட வேணாம். மறுபடியும் சொல்றேன், யாரும் ஓட வேணாம்!" மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நீ சொல்லவே வேணாம்பா. எவனும் ஓட மாட்டான்!"

கடையே அதிர்ந்தது. தேசப்பனும் சிரித்து வைத்தான். டீயை மட்டும் பாதியில் வைத்துவிட்டான். சங்கை ஏற்றிய நாளில் எப்படிக் கூடினார்கள்! அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பெண்கள் அந்தப் புனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இப்போது அதன் கம்பத்தில் யாரோ கருவாடு கட்டிக் காயப் போடுகிறார்கள்.

"தேசப்பா, முன்னால வா!"

தட்சணாமூர்த்தி கையில் ஒரு ஜரிகைத் துண்டு. போர்த்தப் போகிறார். கை தட்டல். மூலையில், உதட்டைக் கடித்தபடி, சேட்டுவும் தட்டினான். சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடியது.

அந்தச் சத்தத்தைத்தான் தேசப்பனால் தாங்க முடியவில்லை.

"வேணாங்க." பின்வாங்கினான். "சேட்டு மேல தப்பு இல்ல. நான்தான் போட்டேன்."

"எதை?"

"சங்கை. நான்தாங்க உள்ள போய்ப் போட்டேன். ரெண்டு செகண்டுல நிறுத்திடலாம்னு பார்த்தேன். உப்புல ஒட்டிக்கிச்சு."

 கழுத்தைக் கொடுத்தாயிற்று, வெட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றான்.

தட்சணாமூர்த்தி யோசித்தார். முகம் மலர்ந்தது.

"டெஸ்டு பண்ணியா?"

முங்குகிறவன் கைக்குக் கட்டுமரம் தட்டுப்பட்ட மாதிரி வந்தது அந்த வார்த்தை. தேசப்பன் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க. டெஸ்டு."

"அட, இதுக்கா இந்த முழி முழிக்கிற?" கூட்டத்தில் ஒருவன். "மெஷினுன்னா டெஸ்டு பண்ணாமயா?"

"இன்னாவோ, வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுதே!" இன்னொருவன். "எங்க குப்பத்துல ஒரு ஆளு மிச்சமில்ல. அத்தினி பேரும் ஓடியாந்துட்டோம்!"

"சாவியை நீயே வெச்சுக்கடா சேட்டு!"

சேட்டு வந்து தேசப்பனின் கட்டுப் போட்ட கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "யாருண்ணா இப்படி ஒத்துக்குவாங்க? உனக்குப் பெரிய மனசு."

துண்டு தோளில் விழுந்துவிட்டது. கிலோ கணக்கில் கனத்தது. மன்னிப்பு இத்தனை சுலபமாகக் கிடைக்கிற பொருளா? திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மனுஷன் விசித்திரமானவன். மெஷின் தப்பு செய்தால் மனுஷனைத் தேடுவான். மனுஷன் தப்பு செய்தால் மெஷின் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைப்பான். சங்கு தேவலை. ஊது என்றால் ஊதியது. எதற்கு என்று கேட்கவும் இல்லை, பொய்யும் சொல்லவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தொடை வரை மாவுக்கட்டோடு லூர்துமேரி. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள். மகள் ஜான்சி ஒரு பக்கம், ஆட்டோக்காரன் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா, எனக்குக் கருமாதிக் கூட்டமா? நான் இன்னும் போவலப்பா!"

சிரித்தார்கள். அப்பாதுரைதான் குனிந்து அவளிடம் சொன்னான். "வேற எவனும் இல்லக்கா. நம்ம தேசப்பன்தான். டெஸ்டு பண்ணியிருக்கான். சுவிட்சு மாட்டிக்கிச்சு."

"டெஸ்டா?"

"ஆமாக்கா."

லூர்துமேரி தேசப்பனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. உப்பில் மண் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"டெஸ்டுன்னா நீ முன்னாடியே மைக்குல சொல்லுவியேண்ணா. யாரும் ஓட வேணாம், யாரும் ஓட வேணாம்னு மூணு தரம் கத்துவியே. ஆண்டவர் மேல ஆணையா சொல்றேன், நீ சொல்லியிருந்தா நான் டீயை வெச்சுட்டு எழுந்திருக்கவே மாட்டேன்." கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு மட்டும் ஏண்ணா சொல்லல?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மைக் ரிப்பேர் என்று சொல்லலாம். ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது என்று சொல்லலாம். நம்புவார்கள். மைக்செட்காரன் சொன்னால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? பொய் நுனி நாக்கில் தயாராக நின்றது.

சுவிட்ச் ரூமின் ஜன்னல் கண்ணில் பட்டது. அன்றைக்கு சுவிட்சைப் போட்டதும் முதல் வேலையாக அவன் எட்டிப் பார்த்த ஜன்னல். சுவிட்ச் ஒட்டிக்கொண்டது அவனுக்குத் தெரிந்ததே அப்புறம்தான்.

தோளிலிருந்த துண்டை எடுத்தான். மடித்தான். லூர்துமேரியின் காலடியில் வைத்தான். நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க ஓடியிருக்க மாட்டீங்களேம்மா" என்றான்.