வைமண்ட் வேட் ஆஜர்

ஸ்கெல்மர் கோட்டையில் ஷெரீப்பின் எழுத்தராக இருந்த தர்ஸ்டனுக்கு வாயால் பொய் சொல்லத் தெரியாது. எழுதத்தான் தெரியும்.

வழக்குப் போடுகிறவன் பாதியில் கைவிட்டு ஓடமாட்டான் என்று இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்பது சட்டம். மழையிலும் சேற்றிலும் நடந்து வந்து நிற்கிறவன் பிணைக்கு எங்கே போவான்? அதனால் ராஜாவின் ஆணை எழுதிய தோலின் பின்பக்கத்தில் தர்ஸ்டனே இரண்டு பெயரை எழுதிவிடுவான். வைமண்ட் வேட், ஹாப் ஸ்டைல். இரண்டு பேரும் பிறக்காதவர்கள். இது ஷெரீப்புக்கும் தெரியும், நீதிபதிகளுக்கும் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்பதால் யாரும் கிளறவில்லை.

புதிதாகப் பதவிக்கு வந்த ஒரு ஷெரீப் மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டார்.

"யாருய்யா இந்த வைமண்ட் வேட்? ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் பிணை நிக்கிறான். கண்ணுல பட்டதே இல்லையே?"

"சதுப்புக்கு அந்தாண்ட ஒரு குடிசையில இருக்கானுங்க. தண்ணியில இறங்கித்தான் வரணும்," என்று முதல்முறையாக வாயால் ஒரு பொய் சொன்னான் தர்ஸ்டன்.

"சரி, இந்த ஹாப் ஸ்டைலு?"

"அவனுக்குக் கால் கொஞ்சம் விந்துங்க. மெதுவாத்தான் வருவான்."

ஷெரீப் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நீதிமன்றக் கட்டியக்காரன் கோஸ்லின் விடுவானா? பெருத்த வயிறும் அதைவிடப் பெருத்த குரலும் அவனுக்கு. அன்று முழுக்கத் தர்ஸ்டனைச் சீண்டிக்கொண்டே இருந்தான். "ஏம்ப்பா, குடிசையைக் குடுத்தே, காலை நொண்டியாக்கினே, அப்படியே ஒரு பொண்டாட்டியையும் குடுத்திருக்கலாம்ல? பாவம், தனியா கெடக்கான்."

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தர்ஸ்டனின் தங்கை இடோனியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டார்கள். மடத்து மேலாளரின் வெள்ளிக் கரண்டியை அவள் திருடினாளாம். அவள் திருடவில்லை. மேலாளர் கையைப் பிடித்தார், அவள் உதறினாள், மறுநாள் கரண்டி காணாமல் போனது, அவ்வளவுதான். ஊருக்கே இது தெரியும். ஆனாலும் அவளுக்குப் பிணை நிற்க ஒரு ஆள் வரவில்லை. மேலாளரைப் பகைத்துக்கொண்டு யார் மடத்து நிலத்தில் உழுவது?

கோட்டைச் சிறை என்பது தரைக்குக் கீழே ஒரு குழி. அங்கே காய்ச்சல் வந்தால் பிணமாகத்தான் மேலே வரவேண்டும். இடோனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தாயில்லாமல் தர்ஸ்டன் தன் கையால் கஞ்சி ஊட்டி வளர்த்த பிள்ளை. அன்றைக்கு அவன் அந்தப் பழைய இரண்டு பெயரையும் எழுதினான்.

ஆனால் இந்தப் பிணை வேறு. வழக்குக்கான பிணை அல்ல, ஆளுக்கான பிணை. 'உடலுக்கு உடல்' என்று அதில் எழுத வேண்டும். குறித்த நாளில் அவள் வராவிட்டால் அவள் உடம்புக்குப் பதில் பிணையாளியின் உடம்பு. தர்ஸ்டன் அதையும் எழுதினான். இல்லாத ஆளுக்கு உடம்பு ஏது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு மணலைத் தூவி மையை உலர்த்தினான். அன்றே அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

தவக்கால அமர்வுக்கு நீதிபதி வந்தார். வீட்டில் இடோனி கண் திறக்காமல் கிடந்தாள். சதுப்பில் தண்ணீர் ஏறி, கோட்டை முற்றம் வரை நாணல் வாடை அடித்தது.

"இடோனி!" என்று கோஸ்லின் மூன்று முறை கூவினான். காய்ச்சலில் கட்டிலோடு கிடக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

"அவளுக்குப் பிணை யாரு?" என்றார் நீதிபதி. இந்த ஊருக்கு அவர் புதியவர். பல்வலி வேறு, கன்னத்தில் துணி கட்டியிருந்தார்.

கோஸ்லின் தர்ஸ்டனைப் பார்த்த பார்வையில் இப்போது கிண்டல் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினான். "வைமண்ட் வேட்! ஆளைக் கொண்டா, இல்லேன்னா நீ வா!"

"வந்துட்டேங்க."

கதவருகே நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். ஒருவன் நடந்து வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். நடந்த இடமெல்லாம் கறுப்புத் தண்ணீர் நின்றது. அவனுக்கு முகம் என்று ஒன்று இருந்தது. ஆனால் பார்வையை விலக்கிவிட்டால் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. தர்ஸ்டன் மறுபடி மறுபடி பார்த்தான். அவனுக்குக் குடிசையைக் கொடுத்த தான் முகத்தைக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இன்னொருத்தன் எங்கே?" என்றார் நீதிபதி.

"ஹாப் வந்துட்டே இருக்கானுங்க. கால் விந்துமில்ல, மெதுவாத்தான் வருவான்."

கோஸ்லின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"அவ உடம்புக்கு என் உடம்பு. என்னைக் குழியில போடுங்க," என்றான் வந்தவன்.

நீதிபதி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "உன்னைப் பார்த்தா ஊர்க்காரன் மாதிரியே தெரியலையே. உன்னை அடையாளம் சொல்ல யாராவது உண்டா? இல்லேன்னா இந்தப் பிணை செல்லாது. அந்தப் பொண்ணைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து குழியில எறக்குங்க."

வந்தவன் திரும்பி எழுத்தர் மேசையைப் பார்த்தான். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

"அண்ணே, உங்க பேச்சுக்கு நான் எத்தனை பேருக்கு நின்னிருக்கேன்! எனக்கு ஒருதடவை நில்லுங்களேன்."

தர்ஸ்டன் இறகை மேசையில் வைத்தான். தெரியாது என்றால் தங்கை போய்விடுவாள். பொய் எழுதியதற்காகத் தன் வலது கையும் போய்விடும். ஆனால் சத்தியமாகச் சொல்லலாம், அந்த நேரத்தில் அவன் கையைப் பற்றி நினைக்கவே இல்லை. காய்ச்சலில் உலர்ந்துபோன அவள் உதடுதான் கண் முன்னால் நின்றது.

முக்காலியை விட்டு எழுந்து நடுமன்றத்துக்கு வந்தான். "எனக்குத் தெரியும் பிரபு. இவன் வைமண்ட் வேட். இவனுக்கு நான் பிணை. உடலுக்கு உடல்."

இரண்டு பேரும் கை கோத்துச் சத்தியம் செய்தார்கள். வந்தவனின் கையில் கிணற்றடிக் கல்லின் குளிர் இருந்தது. கையை விட்டதும் தர்ஸ்டனுக்கு உடம்பு பஞ்சாகிப்போனது.

"நல்லது, பிணை செல்லும். பொண்ணுக்குக் கோடை அமர்வு வரைக்கும் தவணை. எழுதிக்கோ," என்றார் நீதிபதி.

தர்ஸ்டன் திரும்பினான். முக்காலி காலியாக இல்லை. அவனுடைய வழுக்கையோடு, மைக்கறை படிந்த அவனுடைய நடுவிரலோடு ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். உடை ஈரமில்லை. தன் முகத்தை வாளித் தண்ணீரில் மட்டுமே பார்த்தவன் தர்ஸ்டன், ஆனாலும் அது யாருடைய முகம் என்று சந்தேகம் வரவில்லை.

"கோஸ்லின்! டேய் கோஸ்லின், அங்க பாருடா, அது நான் இல்லடா!" என்று கத்தினான்.

கோஸ்லின் அவனைக் காணாதவன்போல் தாண்டி மேசைக்குப் போனான். "கதவைச் சாத்துங்கப்பா, குளிர் அடிக்குது. இந்தா தர்ஸ்டனு, எங்க அந்த வைமண்டு? அதுக்குள்ள போய்ட்டானா?"

"போய்ட்டான். அவனுக்குத்தான் பிணை கிடைச்சிருச்சே," என்றது முக்காலியில் இருந்தது.

தர்ஸ்டன் வீட்டுக்குப் போகத்தான் நினைத்தான். கால்கள் சதுப்புப் பக்கம் திரும்பின. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தன. அந்தாண்ட ஒரு குடிசை இருந்தது. அவன் சொன்ன அதே குடிசை. அடுப்பு இல்லை, படுக்கை இல்லை, கதவும் இல்லை. அவற்றையெல்லாம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லையே! வருஷக்கணக்காக ஒருத்தனை இதில் குடிவைத்திருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

கோடையில் ஒருநாள் தூரத்தில் கோஸ்லினின் குரல் கேட்டது. கால்கள் எழுந்து நடந்தன.

மன்றத்தில் இடோனி நின்றுகொண்டிருந்தாள். தேறியிருந்தாள், கன்னத்தில் ரத்தம் ஓடியது. தீர்ப்புச் சொன்ன ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரும் அவள் குற்றமற்றவள் என்றார்கள். தர்ஸ்டனுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கூட்டத்தில் புகுந்து ஓடி அவள் தோளைத் தொட்டான்.

"இடோனி! அண்ணன் வந்திருக்கேம்மா."

அவள் சட்டென்று தோளைக் குலுக்கினாள். குனிந்து தரையைப் பார்த்தாள். "யாரு இங்க தண்ணியக் கொட்டினது?" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு எழுத்தர் மேசையைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணனுக்கு மட்டுமே சிரிக்கிற அந்தச் சிரிப்பு. "அண்ணே, வீட்டுக்குப் போலாமா? கஞ்சி ஆறிடும்."

"இதோ வந்துட்டேம்மா. ஒருத்தர் வழக்குப் போடணும்னு காத்துட்டு நிக்கிறாரு. பிணைக்கு ரெண்டு பேர் எழுதிட்டு வந்துடறேன்."

இறகை மையில் தொட்டு அது எழுதத் தொடங்கியது. கதவருகே ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு தர்ஸ்டனின் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"ஒரு வழியா வந்து சேர்ந்துட்டேன்," என்றது அது. "நகந்து நில்லு வைமண்டு, கூப்பிடுவாங்க."